சின் மக்களைப் பற்றித் தெரிஞ்சவங்க உண்டா? மகனோட கூட்டுக்காரன் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வாறான்

மேல்புறத்து அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகன் பெங்களூருல இறையியல் படிக்கான், மூணாம் வருஷம். அவன் ரூம்ல கூட இருக்கற பையனுக்கு லீவுக்கு ஊருக்குப் போக வழியில்லை, அதனால நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாறான். டிசம்பர் 21 ஐலண்டு எக்ஸ்பிரஸ்ல குழித்துறைல இறங்குவாங்க. பத்து நாள் இருப்பான்.

போன ஞாயிறு வீடியோ கால்ல அந்தப் பையன்கிட்ட, "தம்பி பர்மாக்காரனா?"ன்னு கேட்டுட்டேன். மகன் அவனுக்கு இங்கிலீஷ்ல சொன்னான். பையன் சிரிச்சான், ஆனா முகம் சுருங்கினது எனக்குத் தெரிஞ்சுது. பிறகு மகன் தனியா போன் பண்ணி ஒரே சண்டை: "அம்மா, அவன் சின். பர்மாக்காரன்னு கூப்பிடாத." பாஸ்போர்ட் மியான்மர்தானே மக்களேன்னு கேட்டா, "அது வேற, இது வேற"ன்னு வச்சிட்டான். வேறன்னா என்ன வேறன்னு சொல்ல அவனுக்குப் பொறுமை இல்லை.

கூகுள்ல தேடினா மூஞ்சி முழுக்கப் பச்சை குத்தின பாட்டிமார் படம்தான் வருது. என் மாமியார் அதைப் பார்த்துட்டு "இந்தக் கூட்டமா வருது?"ன்னு கேக்காவ. அவங்க ஆரு, என்ன பேசுவாங்க, என்ன சாப்பிடுவாங்க, எதைக் கேக்கலாம், எதைக் கேக்கக் கூடாது? பையன் ஊர் தந்த்லாங், ஹாக்கா பக்கமாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


தக்கலை பீட்டர்:

அக்கா ரொம்ப யோசிக்காதீங்க. பீஃப் பிரியாணி போடுங்க, எல்லா நாட்டுக்காரனும் நம்மாளு ஆயிருவான்.


பால்வெட்டு ஹவில்தார்:

தங்கச்சி, நான் அசாம் ரைபிள்ஸ்ல 24 வருஷம் இருந்தவன். 1989-ல சேர்ந்தேன், 2013-ல பென்ஷன் வாங்கி வந்து இப்ப குலசேகரம் பக்கம் கிடக்க 180 மூடு ரப்பரை நானே வெட்டுதேன். மிசோரம்ல சம்பாய்ங்கற ஊர்ல ரெண்டு தடவை போஸ்டிங், கடைசி தடவை 2006-லேருந்து 2008 வரை. அங்கயிருந்து ஜீப்ல மலை இறங்கினா சோக்கவ்தார். அதுக்குக் கீழ தியாவ்னு ஒரு ஆறு. ஆத்துக்கு அந்தப் பக்கம் சின் மாநிலம். ஆறுன்னா பெரிசா நினைக்காதீங்க. வெயில்காலத்துல நம்ம கோதையாறு மாதிரி, கல்லுல கால் வச்சே தாண்டிரலாம்.

முதல்ல அந்த முகம் சுருங்கின காரியம். நீங்க பர்மாக்காரன்னு சொன்னது நாட்டை நினைச்சு. அவன் காதுல விழுந்தது பமார்ங்கற இனம். அந்த நாட்டுல எண்ணிக்கையில பெரிய கூட்டம் அதாக்கும், பட்டாளமும் ஆட்சியும் அவங்க கையில. சின்காரனைப் பார்த்து நீ பமாரான்னு கேட்டா அவனுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு எப்படி இருந்துதுன்னு சொல்லுதேன். யூனிட்ல 24 வருஷமும் என் பேரு மதராஸி. எறணாகுளத்துக் குக்கும் மதராஸி, குண்டூர் டிரைவரும் மதராஸி. ஒரு மிசோ போர்ட்டர் ஒரு நாள் என்கிட்ட, "மதராஸ் எப்படி ஊர்?"னு ஆசையா கேட்டான். நான் மதராஸைப் பார்த்ததே ரயில் மாறும்போது சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவுல ஆட்டோவுல இருந்துதான். அவன்கிட்ட என்னத்தச் சொல்ல? லீவுல ஊருக்கு வந்தா கூத்து வேற. திருநெல்வேலிக்காரன் நம்மள மலையாளத்தான்னுவான், திருவனந்தபுரத்துல பாண்டின்னுவான். நாகர்கோவில்காரனுக்கு நான் விளவங்கோட்டான்.

அதே மாதிரிதான் அங்கயும். பாஸ்போர்ட்ல மியான்மர். மாநிலம் சின். தந்த்லாங், ஹாக்காக்காரங்க தங்களை லாய்னு சொல்லுவாவ, லாய்மி. வடக்க தெடிம் பக்கம் போனா சோமி. தெக்க மின்தாட் பக்கம் சோ. கீழ சமவெளியில ஆஷோ. அரசாங்கம் நாட்டுல 135 இனம்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு, அதுல சின் தலைப்புல மட்டும் 53. ஒருத்தன் பாஷை அடுத்த மலைக்காரனுக்குப் பிடிபடாது. ஹாக்காக்காரனும் மின்தாட்காரனும் சந்திச்சா பர்மியத்துலதான் பேசிக்கிடணும். அது அவங்களுக்கே ஒரு நொம்பலம்.

இதுல மிசோரம்காரன், மணிப்பூர்ல இருக்க குக்கி, பைத்தே எல்லாம் சொந்தக்காரங்கதான். ஒரு பெரிய பாறைக் குகையில இருந்து வெளிய வந்தோம்னு எல்லாருக்கும் ஒரே கதை. ஒருத்தன் குகையைச் சின்லுங்னுவான், இன்னொருத்தன் குல்னுவான். எல்லைக் கோட்டைப் போட்டது வெள்ளைக்காரன். 1889-90-ல படை கொண்டுபோய் மலையைப் பிடிச்சான். 1892 ஜனவரியில கல்கத்தாவுல கூட்டம் போட்டு, சின் மலை, லுஷாய் மலை (இன்னைக்கு மிசோரம்) எல்லாம் ஒரே நிர்வாகத்துல இருக்கது நல்லதுன்னு அவனே பேசினான். பேசினதோட சரி. லுஷாய் மலை அசாமோட போச்சு, சின் மலை பர்மாவோட. 1937-ல பர்மாவை இந்தியாவுல இருந்து பிரிச்சதும் அண்ணன் ஒரு நாட்டுல, தம்பி வேற நாட்டுல.

நம்ம ஊர்ல 1956-ல கோடு போட்டப்பவும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மாமன், பாறசாலையில மச்சான்னு ஆச்சுல்லா. ஆனா நமக்கு பஸ் ஏறினா கல்யாணத்துக்குப் போயிரலாம். நான் இருந்தப்போ அவங்களுக்கும் எல்லையில இருந்து 16 கிலோமீட்டர் விசா இல்லாம வந்துபோகற ஒரு ஏற்பாடு உண்டு. ஞாயித்துக்கிழமை சபைக்கும், சந்தைக்கும், சாவுக்கும் பாலம் வழியா வருவாவ. 2024-ல அதை நிறுத்தப்போறதா மத்திய அரசு சொல்லிட்டு.

மூஞ்சில பச்சை குத்தறது தெக்க மின்தாட், கான்பெட்லெட் பக்கத்துப் பொம்பளைங்க வழக்கம். 1960-கள்லயே அரசாங்கம் தடை போட்டுட்டு. இப்ப உள்ளது வயசான பாட்டிமார் மட்டும். நான் ரெண்டு போஸ்டிங்லயும் ஒருத்தரைக்கூடக் கண்டதில்லை. உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க, நம்ம ஊர்லயும் பாம்படம் போட்டுத் தொங்கின காதோட பாட்டிமார் இருந்தாவ. அந்தப் படத்தைப் பார்த்து அமெரிக்காக்காரன் பயந்திருப்பான்.

சாப்பாடு எழுதணும். பால் சட்டியில நிறைஞ்சிருக்கும், எடுத்துட்டு வாறேன்.


கோட்டாறு மருமக:

ஹவில்தார் அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. என் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மோரேல இருந்து வந்தவங்க. மணிப்பூர் எல்லையில இருக்கு அந்த ஊர், பாலம் தாண்டினா பர்மாவோட தமு. 1962-ல பர்மாவுல பட்டாளத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சு கடையெல்லாம் அரசாங்கத்துக்குன்னு எடுத்ததும் லட்சக்கணக்குல நம்ம ஆளுங்க கப்பலேறி வந்தாங்க. வந்தவங்கள்ல கொஞ்சம் பேருக்கு இங்க பிழைப்பு ஒட்டலை. பர்மாவுக்கே திரும்பிரலாம்னு தரைவழியாப் போனாங்க. மோரேல தடுத்துட்டான். அங்கேயே உக்காந்துட்டாங்க. அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் வச்சு, இட்லிக்கடை போட்டு, பக்கத்து வீட்டுல குக்கி, அந்தப் பக்கம் மைத்தேயி, நேபாளின்னு ஐம்பது அறுபது வருஷம் ஓடிட்டு.

என் மாமியார் அங்க பொறந்தவங்க. குக்கி பாஷை நல்லா பேசுவாங்க. கல்யாணம் முடிஞ்சு இங்க வந்த நாள்ல இருந்து கோட்டாறுல அவங்க பேரு "பர்மாக்காரி". பர்மாவை அவங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் சந்தைக்குப் போனப்போதான் பார்த்திருக்காங்க. இத்தனை வருஷமா அந்தப் பேரை மாத்த முடியல. அதனால உங்க மகன் சண்டை போட்டது சரிதான் அக்கா.


நாஞ்சில் வாத்தியார்:

நல்ல இழை. ஒரு தகவல்: பர்மிய மொழியில் 'சின்' என்றால் கூடை. நெற்றியில் பட்டை கட்டி முதுகில் கூடை சுமப்பவர்கள் என்பதால் வந்த பெயர் என்று படித்திருக்கிறேன். ஆக இது சமவெளிக்காரன் வைத்த கேலிப்பெயர். நாம் எழுதும்போது 'சோமி' என்பதில் வரும் 'சோ' என்ற பெயரால் 'சோ' மக்கள் என்று எழுதுவதே முறை.


பால்வெட்டு ஹவில்தார்:

வாத்தியார் சார், கூடைக் கதையை நானும் கேட்டிருக்கேன். கூடையும் நிஜம். மூங்கில் கூடை, பட்டையை நெத்தியில மாட்டி, குனிஞ்சு மலையேறுவாவ. விறகு, தண்ணி, பன்னிக்குட்டி எல்லாம் அதுலதான். ஆனா பேரு கூடையில இருந்துதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பகான் ராஜாக்கள் காலத்துக் கல்வெட்டுலயே இந்தப் பேரோட பழைய ரூபம் உண்டு. சின்ட்வின் ஆத்துப் பேருலயும் அதுதான் இருக்கு. கூட்டாளின்னு அர்த்தம்னு சொன்ன பெரிய ஆராய்ச்சிக்காரர் உண்டு, சீனத்துல மனுசன்ங்கற சொல்லுல இருந்துன்னு சொன்ன வெள்ளைக்காரனும் உண்டு.

எது ஆனாலும் வெளியில உள்ளவன் கூப்பிட்ட பேருதான், அது சரி. ஆனா அந்தப் பேருலதான் அவங்க 1947 பிப்ரவரி 12-ல பாங்லாங்ல, பர்மாவோட சுதந்திரத் தலைவர் ஆங் சானோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க: ஃபலாம்ல இருந்து ஒருத்தர், தெடிம்ல இருந்து ஒருத்தர், ஹாக்காவுல இருந்து ஒருத்தர். ஷான், கச்சின், சின், பர்மா எல்லாம் சேர்ந்து சுதந்திரம் வாங்குவோம்னு. அடுத்த வருஷம் 1948 பிப்ரவரி 20-ல ஃபலாம்ல ஆயிரக்கணக்குல கூடி, பரம்பரைத் தலைவன்மார் ஆட்சி இனி வேண்டாம், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம்னு முடிவு பண்ணினாங்க. அந்த நாள்தான் இன்னைக்கும் சின் தேசிய நாள். அந்தத் தேதியில தெடிம்காரனும் ஹாக்காக்காரனும் மாட்டுபிக்காரனும் ஒரே மேடையில ஆடுவான். தெடிம்காரங்கள்ல நிறைய பேருக்கு சோமிங்கற பேருதான் பிரியம், அதுவும் உண்மை. அதனால நாம இங்க இருந்து அவங்களுக்குப் புதுசா ஒரு பேரை முறைன்னு சொல்ல வேண்டாம் சார். பையன் தன்னைச் சின்னு சொன்னான். அதை எடுத்துக்கிடுவோம்.

இப்ப சாப்பாடு. அரிசி மலையில எல்லா இடத்துலயும் விளையாது. ஹாக்கா பக்கம் மக்காச்சோளம்தான் பெரிசு. உலர்ந்த சோளத்தைத் தோல் நீக்கி, எலும்புக்கறியோட மணிக்கணக்குல வேகவச்சுக் கஞ்சி மாதிரி ஒண்ணு செய்வாவ, சபுத்தின்னு பேரு. உப்புதான் ருசி. மொளகாயைத் தனியா இடிச்சு வச்சு, வேணும்னவன் தொட்டுக்கிடுவான். நம்ம மாதிரி தேங்காய் அரைச்சு ஊத்தினதும், புளி விட்டதும், எண்ணெய் மிதக்கறதும் முதல் நாள் வயித்துக்குச் சேராது. மயக்கின மரச்சீனி குடுங்க, அதை அவன் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவான் பாருங்க. மீன்கறியைப் பக்கத்துல கொஞ்சமா வெளம்புங்க. தக்கலைக்காரர் பிரியாணி மூணாம் நாள் போதும்.

பேரு காரியம் ஒண்ணு. அவங்களுக்கு நம்மள மாதிரி இனிஷியல் கிடையாது. தெடிம் பக்கம் தாத்தா பாட்டி பேரோட கடைசி அசையை எடுத்துப் பேரப்பிள்ளை பேருக்கு முதல் அசையா வைப்பாங்க. சங்கிலி மாதிரி. இதைக் கேட்டப்போ எனக்கு ஒண்ணு உறைச்சுது, பேரன்னாலே பேரு எடுத்தவன்தானே நமக்கும். என் மூத்தவனுக்கு எங்க அப்பா பேரு. பள்ளியில சேர்க்க வேற பேரு வச்சோம், வீட்டுல எவனும் அதைச் சொல்லல, பேரனுக்குத் தாத்தா பேரே நின்னுட்டு. பையன் பேருக்கு முன்ன சலாய்னு போட்டிருந்தா அது குடும்பப்பேரு இல்லை, சின் ஆம்பளைன்னு காட்டுற மரியாதைச் சொல். பொம்பளைங்களுக்கு மாய்.

ரயில்ல இருந்து இறங்கினதும் "நா தாம் மோ?"ன்னு கேளுங்க. நல்லா இருக்கியான்னு அர்த்தம், ஹாக்கா பாஷை. மிச்சத்தை அவன் பாத்துக்கிடுவான்.

கேக்கக் கூடாதது ஒண்ணே ஒண்ணு. ஊர் தந்த்லாங்னு எழுதியிருக்கீங்க. 2021 பிப்ரவரியில பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சதுக்குப் பிறகு சின் மலையில எதிர்ப்பு எழும்பிச்சு. மின்தாட்ல வேட்டைத் துப்பாக்கியை வச்சுக்கிட்டு நின்னானுங்க. அந்த வருஷம் செப்டம்பர்ல தந்த்லாங்ல வீடுங்க எரிஞ்சுது, அக்டோபர் 29-ல ஒரே நாள்ல 160-க்கு மேல. செப்டம்பர்ல எரிஞ்ச வீட்டை அணைக்கப்போன போதகர் ஒருத்தரைச் சுட்டுட்டாங்க. ஊரே காலி. கொஞ்சம் பேரு மிசோரம்ல, கொஞ்சம் பேரு காட்டுல. அதனால "வீட்டுல ஆரெல்லாம் இருக்காவ, எப்ப ஊருக்குப் போவ"ன்னு முதல் நாளே கேட்டுராதீங்க. அவனாச் சொல்லுவான். சொல்லலைன்னா விட்டுருங்க.


சாமித்தோப்பு வடக்குத்தெரு:

ஐயா துணை. ஹவில்தார் அண்ணன்கிட்ட ஒரு கேள்வி, கோவிக்கக் கூடாது. இந்தச் சின் மக்கள் இப்ப பெரும்பாலும் கிறிஸ்தவங்கன்னு சொல்லுதாங்க. அப்ப அவங்களுக்குன்னு இருந்த சாமி, திருவிழா, எழுத்து எல்லாம் மிஷனரிமார் வந்ததோட போச்சா? அப்புறம் எதை வச்சு அடையாளம்னு சொல்லுதது?


பால்வெட்டு ஹவில்தார்:

கோவம் இல்லை தம்பி. நீங்க சாமித்தோப்புன்னு கண்டதும் எழுதணும்னு தோணினதே இதுதான்.

கிறிஸ்தவங்கதான், நூத்துக்கு 85 பேரு. ஆர்தர் கார்சன், லாரா கார்சன்னு அமெரிக்க பாப்டிஸ்ட் தம்பதி 1899-ல ஹாக்காவுக்குப் போனாங்க. கூடப்போய் ஊர் ஊரா நடந்தது கரேன் இனத்து உபதேசியார்மார். நம்ம ஊர்லயும் ரிங்கல்தௌபே 1806-ல வாறதுக்கு முன்னால மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய் வந்திருந்தாரே, அந்த மாதிரி, வெள்ளைக்காரன் பேரு முன்ன நிக்கும், நடந்த காலு வேற ஆளோடது.

ஆனா தெடிம் பக்கம் பாவ் சின் ஹாவ்னு ஒரு மனுசன் இருந்தார். 1859-ல பொறந்தவர். நம்ம தோள்சீலைப் போராட்டத்துக்கு ராஜா விளம்பரம் போட்ட அதே வருஷம், அதான் மனசுல நிக்கி. அந்த ஆளு வருஷக்கணக்கா நோயில கிடந்தார். அங்க நோய்னா பேய் பிடிச்சதுன்னு அர்த்தம், பேய்க்குப் பன்னி, கோழி, மிதுன் மாடுன்னு பலி குடுத்துக்கிட்டே இருக்கணும். குடுத்துக் குடுத்து வீடு மொட்டையாப் போச்சு. அப்ப அவருக்குக் கனவு வந்துது. பேய்க்குப் பலி வேண்டாம், மேல ஒரே கடவுள்தான்னு. கூடவே எழுத்தும் கனவுல கிடைச்சுதுன்னார். 1902 வாக்குல அந்த எழுத்தை உருவாக்கினார். முதல்ல 1,050 குறி இருந்துது, பிறகு குறைச்சுக் குறைச்சு 57-க்குக் கொண்டுவந்தார். லாய்பியன்னு ஒரு மார்க்கமே அவர் பேருல உண்டாச்சு. பள்ளிக்கூடம் போகாத மலைக்காரன், தன் பாஷைக்குத் தானே எழுத்து செய்தான்! 1948-ல இறந்தார். 2014-ல அந்த எழுத்து யூனிகோடுல ஏறிட்டு, உங்க போன்ல கூட இருக்கும்.

உங்க ஊர்ல உள்ளவங்களுக்கு நான் இதுக்கு மேல விளக்கணுமா? பலி வேண்டாம், பேய்க்கு வழிபாடு வேண்டாம், ஒண்ணாக்கூடி நிக்கணும்னு சொன்ன ஐயா வைகுண்டரை நம்ம பதிக்கு முன்னால ஜனம் தலைப்பாகை கட்டிக் கும்பிடுது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. அங்க சாதி இல்லை, இங்க இருந்த கொடுமை வேற. ஆனா மிஷனரி வந்த காலத்துல உள்ளூர்க்காரனும் தன் வழியா ஒரு கதவைத் திறந்தான்ங்கறது ரெண்டு ஊர்லயும் நடந்துருக்கு. பெறவு தெடிம்ல நிறைய பேரு பாப்டிஸ்ட் ஆனாங்க, கோப்னு ஒரு மிஷனரி ரோமன் எழுத்துல புத்தகம் போட்டார், இப்ப எல்லாரும் எழுதுறது அதுலதான். ஆனா பாவ் சின் ஹாவ் எழுத்து செத்துப்போகல, சில பேரு இன்னும் படிக்காங்க.

பழைய திருவிழா கொஞ்சம் போச்சு, நிஜம். பெரிய மனுசன் ஒருத்தன் மிதுன் வெட்டி, ஊருக்கெல்லாம் சோத்துக் கள் ஊத்தி, பேரு வாங்குற விருந்தெல்லாம் சபை விரும்பல. ஆனா மிதுன் இன்னும் உண்டு. காட்டுலயே திரியும், பாதி காட்டுமாடு பாதி வீட்டுமாடு. உப்பைக் கையில வச்சுக் கூப்பிட்டா மட்டும் உரிமைக்காரன்கிட்ட வரும். வீட்டு முன்னால மிதுன் தலையோடு தொங்கவிட்டிருக்கதைப் பார்த்தா அந்த வீட்டுக்காரன் எத்தனை விருந்து போட்டான்னு எண்ணிரலாம்.

ரிஹ் தில்னு ஒரு ஏரி இருக்கு, சோக்கவ்தார் பாலம் தாண்டி மூணு கிலோமீட்டர். செத்தவங்க ஆவி அந்த ஏரி வழியாத்தான் செத்தவங்க ஊருக்குப் போகும்னு பழைய நம்பிக்கை. மிசோகாரனுக்கும் அதே ஏரிதான். மிசோரம்ல ஒரு வேடிக்கை சொல்லுவாவ, எங்க பெரிய ஏரி பர்மாவுல இருக்குன்னு. ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போற டீக்கன்மாரும் அந்த ஏரிக்குப் போய் நின்னு போட்டோ எடுத்துட்டு வருவாங்க. நான் போகல. யூனிபார்ம் போட்டவன் அந்தப் பாலம் தாண்டக் கூடாது. இந்தப் பக்கம் மலையில நின்னு, அந்த மடிப்புக்குப் பின்னால இருக்குன்னு போர்ட்டர் கைகாட்டுவான்.

இன்னொண்ணு, நான் கண்ணால கண்டது. துணி. சம்பாய்ல எங்க கேம்புக்குக் கீழ ஃபலாம்ல இருந்து வந்த ஒரு அம்மா குடியிருந்தாவ. தறின்னா நம்ம வடசேரித் தறி மாதிரி குழியும் சட்டமும் இல்லை. பாவு நூலோட ஒரு முனையைத் தூணுல கட்டுவாவ, மறு முனையை இடுப்புக்குப் பின்னால ஒரு தோல் பட்டையில மாட்டி, தரையில காலை நீட்டி உக்காருவாவ. பின்னால சாய்ஞ்சா நூல் விறைக்கும், முன்னால வந்தா தளரும். உடம்புதான் தறி. ஒரு நாள் முழுக்க உக்காந்தா கை அகலத்துக்குக் கட்டம் விழும். சிவப்பு, கறுப்பு, நடுவுல ஊசி மாதிரி பச்சையும் மஞ்சளும். அந்தக் கட்டத்தைப் பார்த்து இது ஃபலாம், இது ஹாக்கான்னு அந்த அம்மா சொல்லுவாவ. புவான்னு பேரு. கிறிஸ்மஸுக்கும் அதைத்தான் உடுத்திக் கோயிலுக்குப் போனாவ.

2007-ல மூங்கில் பூத்துது. நாப்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கற ஜாதி. பேரிக்காய் அளவு காய் காய்ச்சுக் கொட்டும், அதைத் தின்னு எலி பெருகும், காய் தீந்ததும் வயலுக்கு இறங்கும். ராத்திரி டார்ச் அடிச்சா மலைச்சரிவே அசையும். எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரு கதிர் மிஞ்சல. அந்த அம்மாவோட தம்பி குடும்பம் கூடையில பிள்ளையைத் தூக்கி வச்சு ஆத்தைத் தாண்டி வந்துது. அப்பவும் தறி ஓடிச்சு. அந்த வருஷம் நெஞ்ச துண்டு ஒண்ணை நான் 600 ரூபாய்க்கு வாங்கினேன். எங்க வீட்டுக்காரி அதை டிவி மேல விரிச்சு வச்சிருக்கா. எத்தனை தடவை சொல்லியாச்சு, அது உடுத்துறதுடீன்னு.


கோட்டாறு மருமக:

கடைசி வரிக்குச் சிரிச்சேன் அண்ணாச்சி. எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் மேல கிடக்கு. மாமியார் கொண்டுவந்தது.


மேல்புறத்து அம்மா:

ஜனவரி 3. எல்லாருக்கும் நன்றி சொல்ல வந்தேன். பையன் நேத்து பெங்களூருக்குப் போனான்.

குழித்துறை ஸ்டேஷன்ல "நா தாம் மோ"ன்னேன். கையில இருந்த பையைக் கீழ போட்டுட்டான். மகன் "அம்மா யாரு சொல்லித்தந்தா?"ன்னு கேட்டான், குலசேகரத்து மாமான்னேன். மரச்சீனி காரியம் ஹவில்தார் அண்ணன் சொன்னபடியே, மூணு நேரமும் கேட்டான். புளிமுளத்தை ஒரு தடவை தொட்டுட்டு ஒரு செம்பு வெள்ளம் குடிச்சான்.

24-ந் தேதி தானே சமைக்கறேன்னு சொன்னான். உலர்ந்த வெள்ளைச் சோளம் மார்த்தாண்டத்துல கிடைக்கல. மாட்டுக்குப் போடற மஞ்சள் சோளம்தான் கிடைச்சுது. உரல்ல போட்டு அவனே இடிச்சான், என் மாமியார் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து முறத்துல புடைச்சுக் குடுத்தாவ. எலும்பு போட்டு நாலு மணிநேரம் அடுப்புல கிடந்துது. உப்பு மட்டும்தான். என் வீட்டுக்காரர் ரகசியமா ஊறுகாய் எடுத்துட்டு வந்தார்.

மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். முதல் நாள் "நீ என்ன ஆளு மக்களே"ன்னு கேட்டாவ. "சின்"னு சொன்னான். "சின்னவனா? சரி, சின்னவனே வா, இரி"ன்னு சொல்லிட்டாவ. இருந்த அத்தனை நாளும் அவன் பேரு சின்னவன்தான். நான் மூணு தடவை திருத்தினேன். அர்த்தத்தை மகன் சொல்லிக் குடுத்ததும் அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். பிறகு பாட்டி கூப்பிட்டா அவனே "சின்னவன் வாறான்"னு தமிழ்ல பதில் சொன்னான். அவங்க வீட்டுலயும் அவன்தான் கடைசியாம். என்னை "நு"ன்னு கூப்பிட்டான், அம்மான்னு அர்த்தமாம்.

ஊரைப் பற்றி நான் கேக்கல. 30-ந் தேதி ராத்திரி கரண்ட் போனப்போ திண்ணையில இருந்து அவனே சொன்னான். அதை நான் இங்க எழுதல.

போகும்போது ஒரு புவான் தந்தான், அவங்க அம்மா நெஞ்சது. அகதி கேம்புல இருந்து யாரோ வழியா பெங்களூருக்கு வந்துதாம். மாமியார் அதை மேல போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போய், மீன்கறி கொட்டிட்டு வந்துருக்காவ. ஹவில்தார் அண்ணே, இதை எப்படித் துவைக்க?


பால்வெட்டு ஹவில்தார்:

சோடாப்பொடி வேண்டாம். வெந்நீர் வேண்டவே வேண்டாம், சிவப்பு இளகி மஞ்சள்ல ஏறிரும். பச்சைத் தண்ணியில கறை பட்ட இடத்தை மட்டும் நனைச்சு, குளிக்கற சோப்பைக் கையில குழைச்சுத் தடவுங்க, பிரஷ் போடாதீங்க. பிழியாம, முறுக்காம, நிழல்ல பாயில விரிச்சுக் காயப் போடுங்க. கொடியில போட்டா நனைஞ்ச கனத்துல கட்டம் கோணிப்போகும். கறை முழுசும் போகலைன்னா விட்டுருங்க தங்கச்சி, மாமியாரை ஏசாதீங்க.